பூச்சியத்தைத் தேடும் சுற்று: மீள்வு இழப்புப் பாலத்தின் முன்வரலாறு

இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் அண்மைக் காலமாக 'ஜுகாட்' என்னும் சொல்லை அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தி வருகிறோம். கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் கெட்டிக்காரத்தனம் என்பது அதன் பொருள். பாராட்டுப் போலத் தோன்றினும், அச்சொல்லுக்குள் ஒரு மறுப்பும் ஒளிந்திருக்கிறது. செய்தவரிடம் கோட்பாடு இல்லை, கைப்பழக்கம் மட்டுமே உண்டு என்று அது சொல்லாமல் சொல்கிறது. அமெச்சூர் வானொலியாளர்கள் வீட்டில் கட்டிய அளவைக் கருவிகளையும் இவ்வகையில் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வகைப்பாடு பொருந்தாது என்பதற்கு ஒரே ஒரு கருவியின் வரலாற்றைச் சான்றாக வைக்கிறேன். ஹாம்கள் அதை 'ரிட்டர்ன் லாஸ் பிரிட்ஜ்' என்பர். மீள்வு இழப்புப் பாலம் என்று தமிழில் சொல்லலாம். அதனுள் இருப்பவை மூன்று சம மின்தடைகள், ஒரு ஃபெர்ரைட் உள்ளகம், ஒரு டையோடு, ஒரு மீட்டர். அவ்வளவுதான்.

அதன் பயன் என்ன? டிரான்ஸ்மிட்டரிலிருந்து கேபிள் வழியே ஆண்டெனாவுக்குச் செல்லும் ஆற்றல் முழுவதும் வெளியே பரவுவதில்லை. கேபிளின் சிறப்பு மின்னெதிர்ப்பு 50 ஓம் என்று கொண்டால், ஆண்டெனாவும் 50 ஓமாகத் தோன்றவேண்டும். இல்லையேல் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். திரும்பும் பங்கு அதிகரித்தால் டிரான்ஸ்மிட்டரின் இறுதிநிலை டிரான்சிஸ்டர் கருகவும் கூடும். மீள்வு இழப்பு 10 டெசிபெல் எனில் பத்தில் ஒரு பங்கும், 20 டெசிபெல் எனில் நூறில் ஒரு பங்கும் திரும்புகின்றன என்று பொருள். எண் பெரிதாக இருப்பதே நன்று. இது வெறும் பொழுதுபோக்கு நுணுக்கம் அன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியபோது, வேறு நோக்கத்திற்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த அமெச்சூர் குழுவினரின் நிலையமே தலைநிலத்துடன் தொடர்பு கொள்ளும் வழிகளுள் ஒன்றாயிற்று. அத்தகைய பொழுதுகளில் அவசரமாகக் கட்டப்பட்ட கம்பி ஆற்றலை வெளியே விடுகிறதா, திருப்பி அனுப்புகிறதா என்பதை அறிந்தே ஆகவேண்டும்.

சிக்கல் என்னவெனில், செல்வதும் திரும்புவதும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. கம்பியின் ஓர் இடத்தில் மின்னழுத்தத்தை அளந்தால் இரண்டின் கூட்டே கிடைக்கும். இவற்றைப் பிரிப்பது எப்படி? இக்கேள்வி வானொலிக்கு முற்பட்டது; தந்திக் காலத்தது.

பள்ளி ஆய்வகத்தில் நாம் அனைவரும் கண்ட வீட்ஸ்டோன் சமனச்சுற்றை முதலில் விவரித்தவர் வீட்ஸ்டோன் அல்லர். சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி என்பவர் அதனை 1833இல் வெளியிட்டார். 1843இல் அதைப் பரவலாக்கிய வீட்ஸ்டோன், கிறிஸ்டிக்கு உரிய பெருமையைத் தாமே பதிவும் செய்தார்; பெயர் மட்டும் மாறவில்லை. அச்சுற்றின் சிறப்பு அதன் பூச்சியத்தில் இருக்கிறது. கால்வனாமீட்டர் முள் அசையாமல் நிற்கும் நிலையில், மின்கலத்தின் அழுத்தம் எவ்வளவு, மீட்டரின் அளவுகோல் சரியாக வரையப்பட்டதா என்னும் கேள்விகள் எழுவதே இல்லை. துல்லியம் மீட்டரில் இல்லை, ஒப்பீட்டில் இருக்கிறது. ஏழை ஆய்வகத்திற்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை.

ஒரே கம்பியில் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முயற்சியை 1853இல் வியன்னாவில் கின்ட்ல் தொடங்கினார். நீண்ட கம்பிகள் மின்தேக்கி போலவும் நடந்துகொள்கின்றன. அதைக் கணக்கில் கொண்டு 1872இல் அமெரிக்கரான ஸ்டேர்ன்ஸ் அம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அடிப்படைக் கருத்து எளியது. அனுப்பும் மின்னோட்டம் இரு சமக் கைகளாகப் பிரிகிறது. ஒன்று மெய்யான தந்திக்கம்பிக்குச் செல்கிறது. மற்றொன்று மின்தடைகளாலும் மின்தேக்கிகளாலும் அமைந்த 'போலிக் கம்பி'க்குச் செல்கிறது. இரண்டும் ஒத்திருந்தால், நடுவில் வைத்த பெறுகருவியைத் தன் நிலையத்தின் சமிக்ஞை அசைக்காது. தொலைவிலிருந்து வருவது மட்டுமே அசைக்கும்.

இங்கே கல்கத்தா நுழைகிறது. இந்தியத் தந்தித் துறையில் மின்னியலாளராக இருந்த லூயி ஷ்வெண்ட்லர் என்னும் ஜெர்மானியர், இருவழித் தந்தியின் பொதுக் கோட்பாட்டை 1874இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். (அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையை நிறுவியவர்களுள் ஒருவராகவே இன்று அவரைக் கல்கத்தாவில் நினைவுகூர்கிறார்கள்.) அவரது கேள்வி நடைமுறை சார்ந்தது. மழையில் மின்காப்பு குன்றி, வெயிலில் மீண்டு, ஓயாது மாறிக்கொண்டிருக்கும் நீண்ட கம்பிகளில், சமன்நிலை எளிதில் குலையாதிருக்கப் பாலத்தின் கைகள் எவ்வாறு அமையவேண்டும்? தந்திக்கம்பிகளைச் சோதிப்பதற்கென அவர் எழுதிய கையேட்டிலும் பாலத்திற்கே முதன்மையான இடம். இந்நாட்டின் மழையும் தொலைவும் எழுப்பிய ஒரு கோட்பாட்டுக் கேள்விக்கு இங்கிருந்தே கணிதத்தில் விடை தேடப்பட்டது என்பதை நம் தந்தி வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பேரரசின் கருவியாகத் தந்தியை ஆராய்வது தேவைதான். ஆனால் அவ்வாய்வு சுற்றுப்படத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தொலைபேசி இதே கருத்தைக் குரலுக்கு நீட்டித்தது. 1915இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குரல் சென்றபோது, வழியில் இருந்த பெருக்கிகள் தம் குரலையே மீண்டும் கேட்டு ஊளையிடாமல் காத்தது சமன்செய்யும் மின்சுற்றே. அச்சமன் எவ்வளவு செம்மையானது என்பதைக் குறிக்கவே 'மீள்வு இழப்பு' என்னும் அளவு தொலைபேசிப் பொறியியலில் வழக்கூன்றியது. டெசிபெல் என்னும் பெயரும் 1920களில் அதே தொலைபேசி உலகம் தந்ததுதான்.

இனி ஹாமின் பாலத்தைப் பாருங்கள். தந்திக்கம்பி இருந்த இடத்தில் ஆண்டெனா. போலிக் கம்பிக்கு மாற்றாக 50 ஓம் மின்தடை. பெறுகருவிக்கு மாற்றாக டையோடும் மீட்டரும். தொலைநிலையத்தின் செய்திக்கு மாற்றாக ஆண்டெனாவிலிருந்து திரும்பும் அலை. சுற்றின் வடிவம் மாறவே இல்லை. ஷ்வெண்ட்லரிலிருந்து இன்றைய ஹாம்களுக்கு நேர்க்கோடு இழுப்பது என் நோக்கமன்று; அவர்களுள் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இருவரும் ஒரே கணக்கைப் போட்டார்கள் என்பதே என் கூற்று.

கணக்கு என்று வேண்டுமென்றே சொல்கிறேன். கடையில் எளிதில் கிடைக்கும் மின்தடைகள் 47, 56 ஓம் மதிப்பில் வரும். 50 ஓம் தனியாகக் கிடைப்பது அரிது. ஒப்பீட்டுக் கையில் 47 ஓமை வைத்தால், பாலம் 47 ஓமையே சரியென்று சொல்லும். குற்றமற்ற 50 ஓம் சுமையை இணைத்தாலும் மீள்வு இழப்பு ஏறத்தாழ 30 டெசிபெலைத் தாண்டாது. 56 ஓம் வைத்தால் 25. 51 ஓம் வைத்தால் 40. அனுபவமுள்ளவர் இரண்டு 100 ஓம் மின்தடைகளை இணையாகச் சேர்த்துச் சரியாக 50 ஓமைப் பெறுவார். இதைக் கண்டு 'இருப்பதை வைத்துச் சமாளித்தார்' என்று எழுதுவது, பிழையின் எல்லையை முன்கூட்டியே கணித்துத் தெரிவுசெய்த ஒருவரை அவமதிப்பதாகும். ஃபெர்ரைட் உள்ளகமும் அலங்காரத்திற்கன்று. மின்மூலம், ஆண்டெனா, மீட்டர் மூன்றும் தரையோடு இணைந்திருக்க, மீட்டரோ பாலத்தின் இரு நடுமுனைகளுக்கு இடையே மிதக்கவேண்டும். இம்முரணைத் தீர்ப்பது அவ்வளையமே.

மேலும், இக்கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். ஆண்டெனா முனையைத் திறந்து விட்டாலும் குறுக்கிணைத்தாலும் அலை முழுதும் திரும்பும்; இரு அளவீடுகளும் ஒத்திருக்கவேண்டும். நல்ல 50 ஓம் சுமையை இணைத்தால் பூச்சியத்தை நெருங்கவேண்டும். நெருங்காமல் எஞ்சுவதே பாலத்தின் பிழை. டையோடோ மெலிந்த சமிக்ஞையில் பொய் சொல்லும். அதற்கும் வழியுண்டு: முனையைத் திறந்துவைத்து, ஆண்டெனா காட்டிய அதே இடத்திற்கு முள் வரும்வரை மதிப்பு தெரிந்த தணிப்பான்களைச் சேர்த்தால், சேர்த்த டெசிபெலே விடை. மீட்டரின் அளவுகோலை நம்பவேண்டிய தேவை மீண்டும் ஒழிகிறது.

இறக்குமதி அரிதாகவும் வரி மிகுந்தும் இருந்த பத்தாண்டுகளில், பழைய வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய ஜெர்மானியம் டையோடுகளும், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைத்த உதிரிகளும் இம்முறைக்குப் போதுமானவையாக இருந்தன. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸ்ரிசீவரில், கிடைத்தற்கரிய வளைய உள்ளகத்துக்கு மாற்றாகக் குழாய்த் திருகின் வாஷரில் கம்பி சுற்றப்பட்டது உலகெங்கும் ஹாம்களிடையே பேசப்பட்டது. ஜுகாட் கதைக்கு வாஷர் நல்ல தீனி. ஆனால் அதே வடிவமைப்பாளரின் ஆன்டுயினோ என்னும் ஆண்டெனா ஆய்வுக்கருவிக்குள் மீள்வு இழப்புப் பாலம் அமர்ந்திருப்பதைக் கதைசொல்லிகள் கவனிப்பதில்லை. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நானோவிஎன்ஏவின் நுழைவாயிலிலும் மின்தடைப் பாலமே உள்ளது. எளிய பாலம் அளவை மட்டும் சொல்லும், கட்டத்தைச் சொல்லாது; ஆண்டெனா நீளமா குட்டையா என்பதை ஹாம் அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தே அறியவேண்டும். அக்குறையைப் புதிய கருவி போக்கிவிட்டது, பாலத்தை அகற்றவில்லை.

இவ்வரலாற்றுக்கான மூலங்கள் ஆவணக் காப்பகங்களில் இல்லை. வீட்டு மேசைகளில் கிடக்கும் குறிப்பேடுகளில், 'திறப்பு, குறுக்கு, 50 ஓம்' என மூன்று நிரல்களாக எழுதப்பட்ட எண்களில் இருக்கின்றன. தொழில்நுட்ப வரலாற்றில் ஆய்வேட்டுத் தலைப்புத் தேடும் மாணவர் எவரேனும் இதைப் படித்தால், உங்கள் ஊரின் மூத்த ஹாம் ஒருவரிடம் முதலில் அந்தக் குறிப்பேட்டைக் கேளுங்கள்; நேர்காணல் பின்னர் ஆகட்டும்.