மூளைக்குப் பரவிய இரைப்பைப் புற்றுநோய்: லூமுட் நோயாளிக்கு எது தகும்?

இரைப்பைப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் கல்லீரலையும் வயிற்றுறையையும் பற்றும். மூளைக்குச் செல்வது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே இந்நிலைக்கென்றே பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் நடந்ததில்லை. பிற புற்றுநோய்களில் கிடைத்த சான்றுகளைக் கொண்டே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள லூமுட்டில் இந்த முடிவோடு தூரமும் சேர்கிறது. மஞ்சோங் மாவட்டத்தின் அரசு மருத்துவமனை ஸ்ரீ மஞ்சோங்கில் இருக்கிறது. லூமுட்டிலிருந்து ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கோ 200 கிலோமீட்டருக்கு மேல். யாரை அனுப்புவது, யாரை வீட்டருகே வைத்துப் பார்ப்பது என்பதை வழக்கம் தீர்மானிக்கக் கூடாது. மூளைக் கட்டிகளின் எண்ணிக்கை, உடல்நிலை, ஹெர்-2 என்னும் புரதத்துக்கான சோதனை முடிவு ஆகிய மூன்றே தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. ஒற்றைக் கட்டி

1990இல் பேட்செல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூளையில் ஒரே கட்டி இருந்தவர்களுக்கு அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் 40 வாரம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15 வாரம். அதில் பெரும்பாலோர் நுரையீரல் புற்றுநோயாளிகள்தாம். ஆயினும், நடமாடக்கூடியவரும் உடலின் பிற பகுதிகளில் நோய் கட்டுக்குள் இருப்பவருமான ஒருவரை, 'நான்காம் கட்டம்' என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடுவது சரியல்ல என்பதற்கு இது போதும். அறுவைக்கு ஏற்றவையல்லாத சிறு கட்டிகளுக்குக் குவிகதிர் சிகிச்சை உண்டு. சி.டி. படத்தில் ஒன்றாகத் தெரிவது எம்.ஆர்.ஐ.யில் பலவாகத் தெரியலாம். அந்தப் படம் எடுக்காமல் முடிவு கூடாது.

2. பல கட்டிகள், தளர்ந்த உடல்

2016இல் வெளிவந்த குவார்ட்ஸ் ஆய்வு, அறுவைக்கோ குவிகதிருக்கோ பொருந்தாத 538 நுரையீரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்தது. முழுமூளைக் கதிர்வீச்சு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.2 வாரம், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.5 வாரம். படுக்கையில் கிடக்கும் ஒருவரை இந்தச் சிறு வேறுபாட்டுக்காக நெடுஞ்சாலையில் அலைக்கழிப்பது நியாயமா? அவருக்கு வேண்டியது டெக்சாமெத்தசோன். அது மூளை வீக்கத்தைத் தணித்துத் தலைவலியையும் வாந்தியையும் குறைக்கும். ஆனால் சர்க்கரையை ஏற்றும். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். இரைப்பையிலேயே கட்டி உள்ளவருக்கு இரத்தக்கசிவு அபாயமும் உண்டு. அமிலம் குறைக்கும் மாத்திரை கூடவே வேண்டும். டெக்சாமெத்தசோனை மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும். காலையிலும் நண்பகலிலும் கொடுப்பது நல்லது. வலிப்பு வராதவருக்கு முன்கூட்டியே வலிப்பு மருந்து தேவையில்லை.

3. ஹெர்-2

இரைப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஹெர்-2 மிகுந்தது. மூளைப் பரவலும் இவ்வகையில் கூடுதல். 2010இல் வெளிவந்த டோகா ஆய்வில், கீமோதெரப்பியுடன் ஹெர்-2ஐத் தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்தது. ஆனால் இந்தப் பெரிய மூலக்கூறு இரத்த-மூளைத் தடையை எளிதில் கடக்காது. உடலில் நோய் அடங்கியிருக்கும்போதே மூளையில் அது வளரக்கூடும். எனவே இச்சிகிச்சை பெறுபவருக்குப் புதிதாகத் தலைவலியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே படம் எடுக்க வேண்டும்.

4. முடிவு

நெஞ்செரிச்சலை 'காஸ்ட்ரிக்' என்று கடை மாத்திரையால் தணித்துக்கொண்டே இருப்பதால் நோய் முற்றிய பிறகு வருவோர் நம்மிடையே பலர். அவர்களுக்குக் காலம் குறைவு. அதை வீணாக்க நமக்கு உரிமையில்லை. முதல் திசுப் பரிசோதனையிலேயே ஹெர்-2 பார்க்கப்பட வேண்டும். மேல் மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில் அதன் முடிவும், கட்டிகளின் எண்ணிக்கையும், நோயாளி தாமாக நடந்து உண்கிறாரா என்பதும் இடம்பெற வேண்டும். கதிர்வீச்சு வேண்டாம் என்று முடிவானால், வலிக்கும் வாந்திக்கும் யாரை அழைப்பது என்று குடும்பத்தாருக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது சிகிச்சை ஆகாது.