மிளகுத்தண்ணியும் மறுநாள் கறியும்

“யார் வீட்டு மிச்சம்டா அது?”

வாட்ஸ்அப் வீடியோவில் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். சிகாகோவுக்கு வெளியே ஒரு அபார்ட்மென்ட். தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. சமையலறை மேடையில் ஒரு முழு வான்கோழியின் எலும்புக்கூடு, பக்கத்தில் இரண்டு கண்ணாடி டப்பாக்களில் பிய்த்த கறி. முந்தின ராத்திரி என் மேனேஜர் வீட்டு விருந்தில் பதினோரு பேர் சாப்பிட்டும் தீராத பறவை அது. கிளம்பும்போது அவர் மனைவி, “எலும்பை மட்டும் தூக்கிப் போட்டுடாதே, சூப் வை” என்று கையில் திணித்து அனுப்பினார். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுப் போன ஒரு ஸ்லோ குக்கர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

“மேனேஜர் வீட்டுது” என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “சரி, நல்லா கொதிக்க வெச்சி சாப்பிடு” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அந்த மௌனம் எனக்குப் பாதிதான் புரிந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அம்மாவைப் பெற்ற தாத்தா குழித்தறியில் கூலிக்கு நெய்தவர். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், புடவையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. தீபாவளி, பொங்கல் என்றால் மறுநாள் மத்தியானம் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வரும்: “தூக்கு எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க.” தூக்கை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவது அம்மாவின் வேலை. அப்போது அவளுக்கு எட்டு ஒன்பது வயசு. சாம்பார், கூட்டு, கறிக்குழம்பு எல்லாம் ஒரே தூக்கில் மேலே மேலே விழும்.

ஆயா அதை அப்படியே கொடுக்க மாட்டாள். மரத்தூள் அடுப்பில் ஏற்றிச் சுண்ட வைப்பாள். இந்த அடுப்பை இன்றைக்குப் பார்த்திருக்கிறவர்கள் குறைவு. தகர டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இடித்து அடைத்து, பாட்டிலை உருவி எடுத்துவிட்டால் நடுவில் ஒரு குழாய் மாதிரி பள்ளம் நிற்கும். கீழேயிருந்து பற்ற வைத்தால் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே எரியும். பொழுது சாயும்போது ஏற்றிய சட்டி விடியும்போதும் லேசாகத் தளதளத்துக்கொண்டிருக்கும். காலையில் குழம்பு கருத்து, எண்ணெய் பிரிந்து, விரலில் எடுத்தால் ஒட்டும் பதத்தில் இருக்கும். சுண்டக்குழம்பு. தெற்கே பழங்கறி என்பார்கள். அதன் ருசிக்கு இணையான இன்னொன்றை நான் எங்கும் சாப்பிட்டதில்லை. ஆனால் அம்மா கல்யாணமாகி வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாளும் சுண்டக்குழம்பு வைத்ததில்லை. நான் சாப்பிட்டதெல்லாம் ஆயா வீட்டில்தான்.

காஞ்சிபுரத்தில் மிச்சத்துக்குப் பல பெயர் உண்டு. பெருமாள் முன்னால் வைத்து எடுத்தது சேஷம், கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவோம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியே அப்படி வருவதுதான். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்த நெடிய இட்லி. நம் சட்டியில் மீந்தது மீந்தது. இன்னொருத்தர் கை பட்டது எச்சில். சட்டி ஒன்றுதான், குழம்பும் ஒன்றுதான். யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதில் பெயர் மாறிவிடுகிறது. அம்மாவின் கேள்வி அங்கிருந்து வந்தது.

எலும்பைப் பார்த்துக்கொண்டே, வான்கோழி மிச்சத்தை வைத்து நம்மூர் மாதிரி என்ன செய்யலாம் என்று யோசித்தபோது ‘மல்லிகடானி’ ஞாபகம் வந்தது. நம்முடைய மிளகுத்தண்ணிதான். இங்கிலீஷ்காரன் வாயில் போய்ப் பெயர் இப்படி ஆகி, சூப்பாகி, டின்னில் அடைபட்டு உலகம் முழுக்கப் போயிருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: கம்பெனிக்காரர்களுக்குச் சாப்பாட்டின் முதல் வரிசையில் சூப் வேண்டும், நம் சாப்பாட்டில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. மெட்ராஸ் சமையல்காரர்கள் ரசத்தை எடுத்து, அதில் கறியும் எலும்புச்சாறும் சேர்த்து, கிண்ணத்தில் ஊற்றி மேசைக்கு அனுப்பினார்கள். நேற்றைய ரோஸ்ட்டில் மீந்த கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும் அதைவிட நல்ல போக்கிடம் கிடையாது.

ஆனால் யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால், அது காட்டும் பழைய சான்று விருந்து மேசையிலிருந்து வரவில்லை, ஜெயிலிலிருந்து வருகிறது. ஹைதர் அலியிடம் கைதியாக இருந்த ஒரு கப்பற்படைக்காரர் எழுதிய, 1784-ஆம் ஆண்டுப் பாட்டு. பெங்களூர் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் எங்கள் சாப்பாடு என்று அதில் புலம்புகிறார். பின்னாளில் லண்டன் மேசைகளில் வெள்ளிக் கரண்டியோடு குடித்த சூப், இங்கிலீஷ் எழுத்தில் சிறைச் சாப்பாடாகத்தான் தலைகாட்டுகிறது. சமையல்காரர் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. கறி போட்டதும் கறி போடாததும் ஒரே பெயரில் இருந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்தச் சிறைகள் நிரம்பியதற்கும் எங்கள் ஊருக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. 1780 செப்டம்பர் 10. காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூர். கர்னல் வில்லியம் பெய்லி ஏறக்குறைய 3,800 பேரோடு வடக்கேயிருந்து வருகிறார். ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு படையும் சேர்ந்துவிட வேண்டும், நடுவில் சில மைல்தான். சேர விடாமல் ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சுற்றி வளைத்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. படையில் பெரும்பகுதி செத்தது, மிச்சம் பிடிபட்டது. பிடிபட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் வேறு சிறைகளுக்கும் போனார்கள். பெய்லி 1782-இல் சிறையிலேயே இறந்தார். மன்றோ தன்னுடைய கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு ஃபீல்டு ட்ரிப் போயிருக்கலாம், சைக்கிளிலேயே போகக்கூடிய தூரம்தானே!

பாட்டு எழுதியவர் புள்ளலூரில் பிடிபட்டவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கடற்படை ஆள். பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் தன்னிடம் சிக்கிய இங்கிலீஷ் கைதிகளை 1782-இல் ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். அவர்களில் ஒருவராக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் யுத்தம் ஒன்றுதான். சிறையில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய அதே காலத்தில் வெளியே கஞ்சிக்கும் வழியில்லை. ஹைதரின் குதிரைப்படை ஊர் ஊராக எரித்துக்கொண்டு போனது, இரண்டு பக்கப் படையும் கிடைத்த தானியத்தை எல்லாம் வாரிக்கொண்டு போனது. பஞ்சம் பிழைக்க ஜனங்கள் மெட்ராஸ் கோட்டையை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி. வடசென்னைக்காரர்கள் நீண்ட காலம் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொன்னார்கள். கைதி அலுத்துக்கொண்ட கஞ்சிக்கு இந்தப் பக்கம் வரிசை நின்றது. அந்த வரிசையில் காஞ்சிபுரத்து நெசவாளி எத்தனை பேர் நின்றார்கள் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மிளகுத்தண்ணிக்கு நல்ல காலம். 19-ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியிலேயே லண்டனில் வில்லியம் கிச்சினரின் சமையல் புத்தகத்தில் ஏறிவிட்டது. மெட்ராஸ் ராஜதானி அதிகாரிகளுக்கு ‘மல்’ என்று பட்டப்பெயரே வந்தது, மல்லிகடானியின் சுருக்கம். 1878-இல் மெட்ராஸிலிருந்து ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் சமையல் புத்தகம் எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட், இந்த சூப்புக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். புளி, மிளகாய், பூண்டு, மிளகு என்று ஏழை வீட்டு மிளகுத்தண்ணியில் தொடங்கி, அதன்மேல் இறைச்சிச்சாறு ஏற்றிப் பணக்காரனாக்குகிறார். மனுஷன் கொஞ்சம் அலட்டல் பேர்வழி. நம் சமையல்காரர்களை அவர் திட்டும் இடங்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ரசத்தை மரியாதையாகப் பேசிய வெள்ளைக்காரர்களில் ஒருவர்.

வான்கோழிக்கு வருகிறேன். அதன் சொந்த ஊர் மெக்சிகோ, நம் மிளகாய்க்கும் பக்கத்து வீடு. போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்தது. 1612-இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து ஜஹாங்கீரிடம் கொடுக்க, பாதுஷா அசந்துபோய் மன்சூரை வரையச் சொன்னார். அந்த ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்த பறவை என்பதில் உலகத்துக்கே குழப்பம். இங்கிலீஷ்காரனுக்கு அது துருக்கி, துருக்கியனுக்கு ‘ஹிந்தி’, டச்சுக்காரனுக்குக் ‘கல்கூன்’, அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி. மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடப்போன வான்கோழி எது என்று யோசித்தால் இன்னும் வேடிக்கை. ஔவையாரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வைத்தால், அது இந்த அமெரிக்கப் பறவையாக இருக்க வழியே இல்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டுக்கென்றே ‘நந்தனம் வான்கோழி-1’ என்ற ரகத்தைக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். “அது கோழியா மயிலா?” என்றாள்.

ஸ்லோ குக்கரும் ஒரு ஆயாவின் சட்டிதான். யூதர்கள் சனிக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறும் கறியும் போட்ட சட்டியை ஊர் பேக்கரியின் அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்துகொண்டிருக்கும் சூட்டில் ராத்திரி முழுக்க வேகும். சோலண்ட் என்று பெயர். இந்தக் கதையை அம்மாவிடம் கேட்டு வளர்ந்த இர்விங் நாக்சன், மின்சாரத்தில் அதே காரியத்தைச் செய்யும் பாத்திரத்துக்கு 1940-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். 1970-இல் ரைவல் கம்பெனி அவரிடமிருந்து வாங்கி, மறுவருஷம் ‘கிராக்-பாட்’ என்று விற்றது. பேக்கரி அடுப்பு, மரத்தூள் அடுப்பு, கோயில் குடலை எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம்: கொஞ்சம் சூடு, நிறைய நேரம். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாகக் கரைய மணிக்கணக்கு வேண்டும். ஆறினால் சூப் தளதளவென்று ஜெல்லியாக நின்றால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை, இன்ஜினியராக. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம், இந்த மிஷின் அந்த இடைவெளியைக் கடக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும். முதலில் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மாற்ற வேண்டும். ஆயா ஒவ்வொரு வேளையும் சுண்டக்குழம்பைக் கொதிக்க வைத்துத்தான் மூடுவாள். தெர்மாமீட்டர் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, யாருக்கும் வயிறு கெட்டதில்லை.

எலும்பை உடைத்து, ஒரு வெங்காயம், ஒரு முழுப்பூண்டு, இஞ்சி, இரண்டு ஸ்பூன் நசுக்கிய மிளகு, உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, ஸ்லோ குக்கரில் ‘லோ’வில் எட்டு மணி நேரம். காலையில் வடிகட்டி, மேலே நின்ற கொழுப்பை வழித்து எடுத்தேன். வேகவைத்த துவரம்பருப்புத் தண்ணி ஒரு டம்ளர், கொஞ்சம் புளி, வறுத்துப் பொடித்த சீரகமும் மல்லியும். கறியைக் கடைசியில்தான் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். வான்கோழி நெஞ்சுக்கறி ஏற்கெனவே வெந்து வறண்டது, ராத்திரி முழுக்க விட்டால் நார் நாராகத் தொண்டையில் நிற்கும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டியபோது அந்த அபார்ட்மென்ட்டின் ஸ்மோக் அலாரம் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கூப்பிட்டாள். கண்ணாடி டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏதோ பேச்சில் சொன்னேன்.

“வெறும் டப்பாவாவா குடுக்கப்போற?” என்றாள். பிறகு அவளாகச் சொன்னாள். வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது என்று ஆயா முதலாளி வீட்டுக் கிண்ணத்தைக் கழுவி, கொல்லையில் இருந்த முருங்கைக்கீரையை ஒடித்து, நன்றாக ஆய்ந்து, அதில் வைத்துத்தான் அம்மாவிடம் கொடுத்தனுப்புவாளாம். ஒரு பொங்கலுக்கு அடுத்த வாரம் தூக்கு எடுக்கப் போனபோது, அந்தக் கீரை ஆய்ந்தபடியே பின்வாசல் படியோரம் வாடிக் கிடந்திருக்கிறது. மாட்டுக்குக்கூடப் போடவில்லை. “ஆயாகிட்ட நான் சொல்லவே இல்லடா. அது வருஷா வருஷம் ஆய்ஞ்சி குடுத்துக்கிட்டுதான் இருந்துச்சி.”

திங்கட்கிழமை இரண்டு டப்பாவிலும் மிளகுத்தண்ணியை நிரப்பி எடுத்துப்போனேன். மத்தியானம் பான்ட்ரியில் மேனேஜர் மைக்ரோவேவில் சூடு பண்ணிக் குடித்தார்.

ராத்திரி அம்மா போன் பண்ணினாள். “குடிச்சாரா, கொட்டிட்டாரா?”

“குடிச்சாரும்மா. எனக்கு முன்னாடிதான். கண்ணுல தண்ணி வந்துடுச்சி அவருக்கு.”

“அடுத்த வாட்டி மிளகைக் கொறச்சிப் போடு” என்றாள்.