ஆணையும் மௌனமும்

கொடுஞ்செயல் புரிவார் அனைவரும் இயல்பிலேயே கொடியவர் என எண்ணுதல் மனத்திற்கு ஆறுதல் தருவது. வரலாறு அவ்வாறுதலைத் தருவதில்லை. ஊவா மாகாணத்தில் நிகழ்ந்த ஒன்றே இதற்குப் போதிய சான்றாகும்.

அப்புத்தளைக்கு அயல் நகரான பண்டாரவளையை அடுத்துள்ளது பிந்துனுவெவ. அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில், விடுதலைப் புலிகளோடு தொடர்புடையோர் என்ற ஐயத்திற் பிடிபட்டோரும் தாமே சரணடைந்தோருமாக 41 தமிழர் இருந்தனர், பெரும்பாலோர் இளைஞர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி மாலை அவர்களுக்கும் முகாம் அதிகாரிகளுக்கும் இடையே பிணக்கு மூண்டது. மறுநாட் காலை கத்தியும் பொல்லும் ஏந்திய பெருங்கூட்டம் உட்புகுந்து கட்டடங்களுக்குத் தீ வைத்தது. 27 பேர் மாண்டனர். ஆயுதந் தாங்கிய பொலிசார் ஏறக்குறைய 60 பேர் அவ்விடத்தே இருந்தும் படுகொலை தடுக்கப்படவில்லை.

கொல்லுமாறு எவரும் கட்டளையிட்டதாக நிறுவப்படவில்லை. ஆயின், கட்டளை சொல்லால் மட்டுமோ பிறக்கின்றது? தடுத்தற்கு உரிமையும் கடமையும் உடையோர் வாளாவிருப்பின், கூட்டம் அதனை இசைவெனவே கொள்ளும். ஒவ்வொருவரும் தம் பொறுப்பை அதிகாரத்தின்மீதும் அருகில் நிற்போர்மீதும் சுமத்திவிடுவர்.

இதனை ஓரினத்தின் இயல்பெனக் கொள்வது பிழை. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் என்னும் உளவியலார் ஒரு சோதனை தொடங்கினார். பிழையாக விடையளிப்பவனுக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு சாதாரண மக்கள் பணிக்கப்பட்டனர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அதனை அவர்கள் அறியார். 40 பேருள் 26 பேர் இறுதி அளவாகிய 450 வோல்ற் வரை சென்றனர். உடனிருந்த இருவர் மறுத்து விலகுவதைக் காணச் செய்த வேறொரு சோதனையிலோ, 40 பேருள் நால்வரே இறுதிவரை சென்றனர். மறுப்பவன் ஒருவனைக் கண்டால் ஏனையோர்க்கும் மறுக்கும் துணிவு பிறக்கின்றது.

1930 ஏப்ரல் 23இல் பெசாவர் நகரில் இதுவே நிகழ்ந்தது. ஆயுதமற்ற பட்டாணியர்மீது சுடுமாறு ஆங்கில அதிகாரி ஆணையிட, சந்திர சிங் கர்வாலியும் அவர்தம் படைவீரரும் மறுத்தனர். வீரர் இந்துக்கள், எதிர்நின்றோர் பெரும்பாலும் இசுலாமியர். கர்வாலி அதற்காக ஆயுட் சிறைத் தண்டனை பெற்றார்.

பிந்துனுவெவ வழக்கிற் கொழும்பு மேல் நீதிமன்றம் 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. அவருள் இருவர் பொலிஸ் அதிகாரிகள். மேன்முறையீட்டில் ஐவரும் விடுவிக்கப்பட்டனர். 2005இல் வழக்கு முடிவுற்றது. 27 உயிர்களுக்குப் பொறுப்பாளர் எவருமிலர் என்ற நிலையே எஞ்சியது. பொறுப்பு எங்கும் பரந்து நிற்குமிடத்துச் சட்டத்தின் கை எவரையும் பற்றுதல் அரிது. ஆதலின் தண்டனைக்கு முன்னரே கல்வி செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. கீழ்ப்படிதலை நற்பண்பெனக் கற்பிக்கும் பள்ளிகள், எவ்விடத்துக் கீழ்ப்படியலாகாது என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும்.