காய்ந்த மண்ணும் சுட்ட மண்ணும்

முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் தமிழர் அழகாகப் பெயரிட்டு அழைத்த ஊர், வடமொழிப் போர்வை போர்த்தப்பட்டு விருத்தாசலம் ஆயிற்று. மணிமுத்தாற்றிலே போட்ட பொன் திருவாரூர்க் குளத்திலே கிடைத்தது என்று புராணம் புகலும் ஊரும் அதுவே! ஆற்றில் போட்ட பொன் நீந்திப் போன கதையைப் புராணிகர் பொறுப்பிலேயே விட்டுவிடுவோம். இன்று அவ்வூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு செல்வது பொன்னன்று, மண். பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளிலிருந்து புறப்படும் கோப்பைகளும், பொம்மைகளும், மின்கம்பங்களுக்கான பீங்கான் குமிழ்களுமே விருத்தாசலத்தின் புகழ்பாடிகள்.

அத்தொழிலிலே நம் எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குழைத்த மண்ணை அச்சிலே ஊற்றி, உருவமாக்கி, உலர வைக்கிறார்கள். உலர்ந்ததும் பொம்மை பொம்மையாகத்தான் தெரிகிறது; கண்ணும் மூக்கும் கச்சிதமாகத்தான் இருக்கின்றன. ஆனால், அதைத் தண்ணீரிலே போட்டுப் பாருங்கள்! சற்று நேரத்தில் மீண்டும் சேறு. காய்ந்ததே தவிர, அது மாறவில்லை. சூளையிலே அடுக்கித் தீ மூட்டினால், ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தில் மண்ணின் அணுக்களோடு பிணைந்து கிடந்த நீரே பிரிந்து வெளியேறுகிறது; 1,000 பாகைக்கு மேலே போகப் போக, மண் இறுகி, சுருங்கி, வேறொரு பொருளாகவே ஆகிவிடுகிறது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் ஆற்றில் கிடந்தாலும் அது சேறாகாது. உருவம் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு.

சிறுகதையிலே வருகின்ற மனிதர்கள் மாறுகிறார்களே, அவர்கள் காய்ந்தவர்களா, சுட்டவர்களா? இந்தக் கேள்வியோடு தமிழ்க் கதையின் வரலாற்றைப் பார்க்கப் புறப்பட்டால், வியப்பான ஒன்றைக் காண்கிறோம். மனிதன் மாறுவதை மிகக் கூர்மையாக எழுதிய மூவருக்குக் கடலூர்ச் சீமையோடு தொடர்பு இருக்கிறது. ஒருவர் அங்கே பிறந்து வேறு ஊர் போனவர். ஒருவர் அங்கே பிறந்து சென்னைக்கு வந்தவர். ஒருவர் விருத்தாசலத்திலேயே வாழ்ந்து எழுதுகிறவர்.

அவர்களுக்கு முன்பு மாற்றம் எப்படி நிகழ்ந்தது? அதற்கும் அந்தச் சீமையே சான்று தருகிறது. திருப்பாதிரிப்புலியூரிலே சமணப் பள்ளியின் தலைவராக, தருமசேனர் என்ற பெயரோடு விளங்கிய அறிஞர், சூலைநோய் கண்டு துடித்தாராம். திருவதிகைக்கு வந்து, தமக்கையார் தந்த திருநீற்றைப் பூசிக்கொண்டாராம். சைவராகித் திருநாவுக்கரசர் ஆனாராம். பல்லாண்டுக் கல்வியை ஒரு வயிற்றுவலி வென்றுவிட்டது! சமணத்தின் எந்தக் கோட்பாடு பிழையென்று அவர் கண்டார், எந்த வாதம் அவரை அசைத்தது, எந்த இரவில் அவர் உறக்கமின்றிப் புரண்டார் என்பதையெல்லாம் புராணம் நமக்குச் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை, ஏனென்றால் அங்கே மாறுபவன் மனிதனல்லன், மாற்றப்படுபவன்.

இதைக் கேட்டு எள்ளி நகையாடும் தோழர்கள், மேலைநாட்டுப் பக்கமும் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். 1843-இல் ஆங்கில நாட்டின் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலே, கஞ்சன் ஸ்குரூஜ் ஒரே இரவில் வள்ளலாகிறான். ஆக்கியவை யாவை? ஆவிகள்! சூலைநோய்க்குப் பதில் பேய்கள், வேறுபாடு அவ்வளவே. உருசிய நாட்டின் செகாவ்தான் இந்த வழக்கத்தை உடைத்தார். 1899-இல் அவர் எழுதிய ‘நாய்க்காரச் சீமாட்டி’யிலே, பெண்களை விளையாட்டுப் பொருளாக எண்ணித் திரிந்த ஒருவன், முதன்முறையாகத் தன் உள்ளத்தில் உண்மையான காதல் வந்துவிட்டதை யாரிடமாவது சொல்லத் துடித்து, உடன் வந்த நண்பனிடம் வாயைத் திறக்கிறான். நண்பனோ, அன்று உண்ட மீனில் வாடை அடித்தது என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறான். அந்தச் சொல் அவனைச் சுடுகிறது. தான் வாழ்ந்த வாழ்வு எத்தகையது என்பது அந்தக் கணத்தில் விளங்குகிறது. ஆவியும் இல்லை, அசரீரியும் இல்லை. வாடை அடித்த மீன் போதுமானதாயிருந்தது!

நம் நாட்டுச் சீர்திருத்தக் கதைகளிலேயும் ஒரு குறை இருந்ததை மறைப்பானேன்? பதினோரு பக்கம் கொடுமை புரியும் பண்ணையார், பன்னிரண்டாம் பக்கத்தில் இளைஞனின் சொற்பொழிவைக் கேட்டுக் கண்ணீர் வடித்து, “தம்பி, என் கண்களைத் திறந்துவிட்டாய்” என்பார். திருநீறு போய்ச் சொற்பொழிவு வந்தது. காய்ந்த மண்! அடுத்த மழைக்கு அந்தப் பண்ணையார் தாங்குவாரா என்பதை எழுதியவரும் எண்ணவில்லை, படித்தவரும் கேட்கவில்லை. அறிஞர் அண்ணாவின் ‘செவ்வாழை’ இந்த எளிய வழியில் போகவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். உழவன் செங்கோடன் பிள்ளையைப் போல் வளர்த்த வாழையின் குலை பண்ணையார் வீட்டுக்குப் போகிறது. மரமோ பாடை கட்ட உதவுகிறது. அங்கே ஒருவரும் திருந்தவில்லை. மாற வேண்டியவர் படிப்பவர் என்று அந்தக் கதை விட்டுவிடுகிறது.

இனி, முதலாமவர். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில், அதாவது தருமசேனர் தலைமை தாங்கிய அதே ஊரில், பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் விருத்தாசலம். ஆம், ஊரின் பெயரே! அந்த விருத்தாசலம்தான் பின்னாளில் புதுமைப்பித்தன். அவர் எந்த இயக்கத்துக்கும் கட்டுப்பட்டவரல்லர். சீர்திருத்தக்காரர்களையும் கிண்டல் செய்தவர். ஆயினும் அவருடைய ‘மனித யந்திர’த்தை இளைஞர்கள் படித்தே தீரவேண்டும். ஆயுளெல்லாம் கடையிலே கணக்கெழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒருநாள் இரவு கல்லாவிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, கொழும்புக்குக் கப்பலேறிவிடும் எண்ணத்தோடு புகைவண்டி நிலையத்துக்குப் போகிறார். புதுவாழ்வு! சில நாழிகை அவர் வேறு மனிதர். பிறகு துணிவு கரைகிறது. திரும்பி வருகிறார், பணத்தை எடுத்த இடத்திலேயே வைக்கிறார், செலவாகிவிட்ட சில்லறையைத் தம் பற்றிலே சேர்க்கிறார். காய்ந்த மண் நீர் பட்டதும் சேறாகும் காட்சியை இதைவிட இரக்கத்தோடு எழுதியவர் தமிழில் அரியர். மாறாமையையும் மாற்றத்தின் கதையாக எழுதலாம் என்பதை அவர் காட்டினார்.

1943-இல் ‘கலைமக’ளில் வெளிவந்த ‘சாபவிமோசன’மோ இதற்கு மறுகோடி. இராமனின் கால் தூசு பட்டுக் கல்லாயிருந்த அகலிகை பெண்ணானாள் என்பது இதிகாசம். அவள் கல்லானதும் கணவன் சாபத்தால். பெண்ணானதும் கடவுளின் காலால். இரண்டிலும் அவளை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. புதுமைப்பித்தன் அவளை வாழவிடுகிறார். ஐயுறும் ஊரின் கண்களுக்கு நடுவே நடமாட விடுகிறார். பின்னொரு நாள், நெருப்பிலே இறங்கி நிரூபிக்கும்படி இராமன் கேட்டான் என்று சீதையின் வாயாலேயே கேள்விப்படுகிறாள் அகலிகை. தன்னை மன்னித்தவன், தன் மனைவியிடம் சான்று கேட்டான்! அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இம்முறை எவரும் சபிக்கவில்லை. அந்த மாற்றம் அவளுடையது. அவள் கேட்ட செய்தியிலிருந்து, அவள் எண்ணிய எண்ணத்திலிருந்து பிறந்தது. இராமனைச் சாடி எழுதிய நூறு கட்டுரைகளின் வேலையை அந்த ஒரு கதை செய்தது என்றால் மிகையன்று.

இரண்டாமவர் ஜெயகாந்தன், 1934-இல் கடலூரில் பிறந்தவர். 1966-இல் ‘ஆனந்த விகட’னில் அவர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ நாட்டையே கலக்கியது. மழைநாளிலே காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் கல்லூரி மாணவி, விதவைத் தாய். செய்தியறிந்ததும் தாய் அலறுகிறாள், அடிக்கிறாள். அலறல் கேட்டு அண்டை வீட்டார் வந்து நிற்கிறார்கள். அந்த முகங்களைக் கண்டதும் அவளுக்குள் ஏதோ நிகழ்கிறது. பொய் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, மகளின் தலையிலே தண்ணீரைக் கொட்டுகிறாள். நீ தூயவள் என்கிறாள். நெருப்பு வேண்டாம், ஒரு குடம் நீர் போதும்! வைதீகம் குமுறியதில் வியப்பென்ன? ஆதரித்தும் எதிர்த்தும் கடிதங்கள் குவிந்தன. மறுப்புக் கதைகள் எழுந்தன.

ஆனால் நாம் கருதிப் பார்க்க வேண்டியது வேறொன்று. அந்தத் தாய் எந்தக் கூட்டத்துக்கும் போனவளல்லள். எந்த ஏட்டையும் படித்தவளல்லள். அவளை மாற்றியது, வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றிய அச்சமும் மகளின் மேலுள்ள பாசமும் மோதிய வேகம். அச்சம் அவளை மகளுக்கு எதிராகத் தள்ளியிருக்கலாம். மகளின் பக்கம் தள்ளிவிட்டது. எப்போதும் இப்படியே நடக்குமா? அந்த ஐயம் ஜெயகாந்தனுக்கே எழுந்தது. 1970-இல் நூலான ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அந்தத் தாய் வாயை மூடாமற்போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதையே எழுதினார். செய்தி ஊருக்குத் தெரிகிறது. மகள் வீட்டைவிட்டு விரட்டப்படுகிறாள். தான் படைத்த மனமாற்றத்தைத் தானே சூளையிலிட்டுச் சோதித்த எழுத்தாளர் அவர். 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு அந்த நாவலுக்குக் கிடைத்தது.

மூன்றாமவர் இமையம். 1964-இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, விருத்தாசலத்தில் வாழ்பவர். 1994-இல் ‘கோவேறு கழுதைக’ளால் அறியப்பட்டவர். 2012-இல் அவர் எழுதிய ‘பெத்தவன்’ என்னும் நெடுங்கதையின் தந்தை பெயர் பழனி. மகள் பாக்கியம், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து காவல் துறையில் பணிபுரியும் இளைஞனை விரும்புகிறாள். ஊர் கூடுகிறது. மகளைக் கொன்றுவிடு என்று தந்தைக்கே கட்டளையிடுகிறது. பழனி ஒப்புக்கொள்கிறான். விடிவதற்குள் முடித்துவிடுவதாக வாக்களித்து, நஞ்சையும் கையில் வைத்திருக்கிறான். அந்த இரவுதான் கதை. அவன் மகளைக் கொல்லவில்லை. பணத்தையும் நகையையும் கொடுத்து, இருளிலே அவளை அவள் விரும்பியவனிடம் அனுப்பிவிடுகிறான். மகளுக்கென்று வாங்கிய நஞ்சைத் தான் குடிக்கிறான்.

பழனி எங்கே மாறினான்? கதையிலே அந்த இடத்தைக் கோடிட்டுக் காட்ட முடியாது. சாதி ஒழிக என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஊருக்கு அஞ்சியவன் அஞ்சியபடியேதான் இருக்கிறான். இல்லையேல் நஞ்சு குடிப்பானேன்? ஆனாலும் அவனை மீண்டும் சேறாக்க எந்த வெள்ளத்தாலும் முடியாது. சுட்ட மண் சுருங்கும் என்றோமே, பழனி உயிரையே கொடுத்து இறுகினான். நமக்கு ஒரு வருத்தமும் உண்டு. 1966-இன் தாய் கதவைச் சாத்திக்கொண்டு மாறினாள். 2012-இன் தந்தை இருட்டிலே மாறினான். பகல் வெளிச்சத்தில், பத்துப் பேர் பார்க்க மாறும் பெற்றோரை எழுத இவ்விருவராலும் முடியவில்லை. அது எழுத்தின் குறையன்று, ஊரின் குறை.

மிகைப்படுத்துகிறோம் என்பார் உண்டோ? விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைக் கேட்கட்டும். சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்ட இளைஞனுக்கும் பெண்ணுக்கும் 2003 சூலையில் அங்கே நஞ்சு புகட்டிக் கொன்றார்கள், உடல்களை எரித்தார்கள். இளைஞன் பொறியியல் படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பினன். 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. பெண்ணின் தந்தை அவர்களில் ஒருவர், அண்ணன் ஒருவர், காவல் துறையினர் இருவர். உயர்நீதிமன்றம் 2022-இல் இருவரை விடுவித்தது. அண்ணனின் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக்கியது. மேல்முறையீடுகளை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தள்ளியது. கதையின் பழனிக்கு ஊர் கொடுத்த நஞ்சு, உண்மையிலே எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு நீதிமன்ற ஏடுகளே சான்று.

‘பெத்தவன்’ வெளிவந்த அதே 2012-இல், நவம்பர் 7 அன்று, தருமபுரி மாவட்டம் நத்தம் முதலிய மூன்று குடியிருப்புகளில் தாழ்த்தப்பட்டோரின் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் தீக்கிரையாயின. அங்கும் காரணமாகக் காட்டப்பட்டது ஒரு கலப்பு மணம். அங்கும் ஒரு தந்தை தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டிருந்தார். கதையின் தந்தை மகளை வாழவைக்கச் செத்தான். தருமபுரித் தந்தையின் சாவையோ மற்றவர்கள் தீப்பந்தமாக ஆக்கிக்கொண்டார்கள். இரண்டு சாவுக்கும் நடுவே நின்றது என்ன? கூட்டம்! பழனிக்குக் கட்டளையிட்ட கூட்டம், வாசலிலே வந்து நின்ற அண்டை வீட்டார், அகலிகையை ஐயுற்ற கண்கள்.

எழுத முனையும் இளைஞர்கள் நமக்குக் கதைகளை அனுப்புகிறார்கள். அவற்றிலே மாறுபவர் பெரும்பாலும் தந்தை, அல்லது பண்ணையார், அல்லது காதலன். அந்தப் பஞ்சாயத்திலே, பின்வரிசையிலே, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தவன் ஒருவன் இருந்திருப்பானே? தீர்ப்புச் சொன்னவனல்லன் அவன், தடுத்தவனுமல்லன். விடிந்ததும் பழனியின் பிணத்தைத் தூக்கக் கை கொடுத்தவர்களில் அவனும் இருந்திருப்பான். அடுத்த முறை ஊர் கூடும்போது அவன் எழுந்து நின்று வாயைத் திறப்பானா, மாட்டானா? திறந்தால், அதற்கு முன் எத்தனை இரவு அவன் உறங்கவில்லை? அவன் மனைவி அவனிடம் என்ன சொன்னாள்? அந்தக் கதையை அனுப்புங்கள்.