துவிச்சக்கர வண்டியும் வானொலிப் பெட்டியும்

காந்தம் ஒன்று கம்பிச் சுருளருகே அசையுமாயின் அக்கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்ற உண்மையை மைக்கேல் பரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அப்பெரியாரின் பெயரை உலகம் மறக்கவில்லை. அதே உண்மையைத் துணைக்கொண்டு, 1990-களின் முற்பகுதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் தம் வானொலிப் பெட்டிகளைப் பேச வைத்தனர். அவ்வழியை முதலிற் கண்டவர் இன்னார் என்று சுட்டுவதற்கில்லை.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டிற்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு வானொலிக்குரிய சிறு பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்து ஏற்றிய திரியே வீடுகளுக்கு விளக்காயிற்று. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் வண்டிகள்.

இருளைப் பொறுத்துக்கொள்ளலாம், செய்தி அறியாதிருத்தலைப் பொறுப்பது அரிது. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடைபெறுமா என்பனவெல்லாம் அந்நாளில் உயிரோடு ஒட்டிய வினாக்கள். கொழும்பு வானொலியும், 1941 முதல் 2017 வரை இலண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பும் அவ்வினாக்களுக்கு விடை தேடுவோரின் செவிகளை ஈர்த்தன. ஒலி வானில் தடையின்றி வந்தது. அதனைப் பிடிக்கும் பெட்டியோ பற்றறியின்றி ஊமையாய்க் கிடந்தது. ஓய்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்துச் சிறிது ஆற்றல் பெற முயன்றோரும் உண்டு. அது நெடுநேரம் நிலைப்பதன்று.

விடை வீட்டு முற்றத்திலேயே நின்றது. யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கர வண்டி இல்லாத வீடு அரிது. இராக்கால விளக்கிற்காக அதில் பொருத்தப்படும் டைனமோ, சில்லோடு உராய்ந்து சுழன்று ஏறத்தாழ 6 வோல்ற்று மின்னழுத்தம் தரவல்லது. வானொலிக்கு வேண்டியதோ, ஒன்றரை வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டோ நான்கோ தரும் அளவு. ஆதலின் இரண்டையும் இணைக்கலாம் என்பது தெளிவு.

இடையில் ஓர் இடர் இருந்தது. டைனமோ தரும் மின்னோட்டம் முன்னும் பின்னுமாய்த் திசைமாறுவது. வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுவது. மின்னை ஒருவழிப்படுத்தும் டயோட்டுகள் நான்கும், அதன் ஏற்றத்தாழ்வைத் தணிக்கும் கொள்ளளவி ஒன்றும் இவ்விடரைத் தீர்க்கும். பழுதான வானொலிகளிலிருந்தே இவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். சுழற்சி தளர்ந்தால் குரல் தேய்ந்து மறையும். மிகுந்தால் பெட்டி பழுதாகும். செய்தி முடியுமட்டும் ஒரே வேகம் காத்தல் வேண்டும். செய்தி வாசிப்பவரின் குரல், கேட்பவர் ஒருவரின் கைவலிமையில் தங்கியிருந்தது.

இதே காலத்தில், 1991-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் திரெவர் பெய்லிசு என்பார் ஆபிரிக்காவில் எயிட்சு நோய் பரவுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். மின்சாரமும் பற்றறியும் அற்ற மக்களுக்கும் நோய்த்தடுப்புச் செய்தி சேரவேண்டும் எனக் கருதி, வில்லை முறுக்கி இயக்கும் வானொலியை அவர் ஆக்கினார். உலகம் அதனைப் பாராட்டியது, பாராட்டுக்குரியதே. ஆயினும் அவர் பிறருக்காகச் சிந்தித்துத் தீர்த்த குறையை, குடாநாட்டார் அதனை அனுபவித்துக்கொண்டே தீர்த்தனர். அவர்கள் காப்புரிமை கோரவில்லை. ஒருவர் செய்ததை அயலவர் பார்த்தார், பார்த்தவர் தாமும் செய்தார்.

2002-இல் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டு, ஏ-9 வீதி திறக்கப்பட்டது. பற்றறி மீண்டும் கடைச் சரக்காயிற்று. டைனமோ தன் பழைய விளக்கிற்கே திரும்பியது.