புதுக்கவிதையும் ந. பிச்சமூர்த்தியும்



நான் தமிழாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளி ஆண்டு மலருக்கு வரும் பாடல்களைத் திருத்தும் பொறுப்பு என்னைச் சார்ந்திருந்தது. ஒருமுறை, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வற்றிப்போன ஏரியைப் பற்றிப் பன்னிரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தான். எதுகை இல்லை, மோனை இல்லை, சீர்களுக்கு ஓர் அளவும் இல்லை. சிவப்பு மையால் 'தளை தட்டுகிறது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் பணிவோடு எழுந்து, "ஐயா, இதில் தளையே இல்லையே, எப்படித் தட்டும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். விடை கூற அன்று என்னிடம் சரக்கு இருக்கவில்லை என்பதே உண்மை. அதைத் தேடப் போய்த்தான் ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளை முறையாகப் படிக்கலானேன்.

பிச்சமூர்த்தி 1900-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் பிறந்தவர். முதலில் வழக்கறிஞர், பின்னர்க் கோயில்களின் நிர்வாக அதிகாரி. 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழைச் சார்ந்த எழுத்தாளருள் ஒருவர். அவ்விதழில் 1934-இல் அவருடைய 'காதல்' என்னும் கவிதை வெளிவந்தது. கவிதைகளுக்கு அவர் 'பிக்ஷு' என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். கு. ப. ராஜகோபாலனும் அதே பாதையில் எழுதினார். இவற்றை அன்று 'வசன கவிதை' என்றார்கள். யாப்பு அறியாதவர்கள் தப்பித்துக்கொள்ளக் கண்ட வழி என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு.

தம் முயற்சிக்கு வித்து எது என்பதைப் பிச்சமூர்த்தியே கூறியிருக்கிறார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-இல் வெளியிட்ட 'புல்லின் இதழ்கள்' முதலாவது. அதன் பின்னர்ப் படிக்க நேர்ந்த பாரதியாரின் வசன கவிதை இரண்டாவது. பாரதியாரும் விட்மனை அறிந்தவர். தம் கட்டுரை ஒன்றில் அவரைப் போற்றி எழுதியிருக்கிறார். நான் பயின்ற பயிற்சிக் கல்லூரியில் புதுக்கவிதையை 'மேனாட்டுச் சரக்கு' என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது வழக்கம். விட்மனை மட்டும் பார்த்தால் அது பாதி உண்மை. மறுபாதியைத் தொல்காப்பியத்திலேயே காணலாம். செய்யுளியலில் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்தில், புதிதாகப் புனையப்படும் யாப்பிற்கு 'விருந்து' என்று பெயரிட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார் ஆசிரியர். விருந்து என்பதற்குப் புதுமை என்றே பொருள். முப்பது ஆண்டுகள் இலக்கணம் நடத்திய நான் அந்த நூற்பாவைத் தேர்வுக்குரிய இரண்டு மதிப்பெண் வினாவாகவே கருதியிருந்தேன்!

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். தளை இல்லாத இடத்தில் கவிதையைக் கட்டி நிறுத்துவது எது?

நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது அடி பிரித்து எழுதவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. உரைநடையைப் போலவே பாட்டும் ஓலையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஓடும். அப்படியானால் அடி எங்கே முடிகிறது என்று படிப்பவன் எவ்வாறு அறிந்தான்? எதுகையும் சீரும் அவன் செவிக்குச் சொல்லின. யாப்பு வெறும் அணி அன்று, அது வழிகாட்டி. நினைவில் நிறுத்தவும் அதுவே துணை. அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. அடியை எங்கே முறிப்பது, எங்கே வெற்றிடம் விடுவது என்பதைத் தாளிலேயே காட்டும் வசதி கவிஞனுக்குக் கிடைத்தது. யாப்பு செய்த வேலையில் ஒரு பங்கைத் தாளின் வெண்மை ஏற்றுக்கொண்டது. புதுக்கவிதையின் அடிமுடிவு தற்செயலானதன்று. அங்கே ஒரு மூச்சளவு நின்று படிக்கவேண்டும் என்று நான் கொள்கிறேன். நிற்காமல் ஓடினால் அது வசனமாகவே காதில் விழும். பழி கவிஞன் தலையில் ஏறும்.

வானொலியில் பேசுவோனுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. தாளைக் காணாத உங்களுக்கு அடிமுடிவை என் குரல்தான் காட்டவேண்டும்.

பிச்சமூர்த்தி யாப்பை முற்றிலும் துறந்தவர் என்று எண்ணுதல் தவறு. அவர் தந்தையார் அரிகதையில் ஈடுபாடு உடையவர்; மகனின் வரிகளிலும் அகவலின் ஓசை அங்கங்கே வந்து வந்து மறைகிறது. அதனால்தான் பழம்பாடல்களில் தோய்ந்த என் போன்றோருக்கும் அவர் எளிதாக வாய்க்கிறார்.

நாற்பதுகளின் நடுவிலிருந்து அவர் நெடுங்காலம் கவிதை எழுதவில்லை. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கியபோது அம்மௌனம் கலைந்தது. 'புதுக்கவிதை' என்னும் பெயர் நிலைபெற்றதும் அவ்விதழின் வழியேதான், க. நா. சுப்ரமண்யம் அதைப் பற்றி அதில் எழுதினார். 1962-இல் பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து' நூலாயிற்று. அதே ஆண்டில் இருபத்துநான்கு கவிஞர்களின் 63 கவிதைகளைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பைச் செல்லப்பா வெளியிட்டார். அவர் தம் வெளியீடுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். முதற்கவிதைக்கும் அத்தொகுப்புக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன என்பதை, எழுதிய மறுவாரமே அச்சில் காண விழையும் இளைஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

'காட்டு வாத்'தைப் படித்து முடித்த மறுநாள் அம்மாணவனை அழைத்து, ஏரிக் கவிதையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஏழாவது வரியில் 'படகு' என்ற ஒற்றைச் சொல் தனித்து நின்றது. அவன் அங்கே நிறுத்தி, சற்றுப் பொறுத்து, அடுத்த வரிக்குப் போனான். முதன்முறை நான் அந்த வரியைத்தான் சிவப்பு மையால் அடித்து மேல்வரியோடு சேர்த்திருந்தேன்.

மலரில் சேர்க்கலாம் என்று அச்சகத்துக்கு ஆள் அனுப்பினேன். கடைசிப் படிவமும் அச்சேறிவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு மலருக்குத் தருமாறு கேட்டேன். "வேறு எழுதித் தருகிறேன் ஐயா" என்றான். தேர்வெழுதிப் பள்ளியை விட்டுச் செல்லும் வரையில் அவன் எதுவும் கொண்டுவந்து தரவில்லை.