ஒரு சுவர், இரண்டு வீடு

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே போகிறவர்களுக்குப் பூவிருந்தவல்லி ஒரு பஸ் நிறுத்தம்; அடுத்து வரும் திருமழிசை ஒரு தொழிற்பேட்டை. சரித்திரத்தில் சிறிது ஆசை உள்ளவர்களுக்கோ இந்தச் சாலை வேறொரு காரணத்தால் முக்கியமானது. மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற வழக்கு இங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது.

பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். இங்கே பூத்த மலர்களைத் தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தி, ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர். வைசிய குலத்தவர். ஆயினும் இராமானுஜர் அவரைக் குருவாக எண்ணினார். அவரை வீட்டுக்கு அழைத்து அமுது செய்வித்து, மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டார். அழைத்து வர அவர் ஒரு வழியாகப் போக, நம்பிகள் வேறு வழியாக வந்து, உண்டுவிட்டுப் போய்விட்டார். இராமானுஜர் திரும்பி வந்து பார்த்தால், அவருடைய மனைவி மிச்சத்தை அப்புறப்படுத்தி, இடத்தைக் கழுவி, தலைமுழுகி, புதிதாகச் சமைத்துக் கொண்டிருந்தாளாம். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது.

அந்த அம்மாளை ஏசிப் பயனில்லை. தாய் வீட்டில் கற்றதைச் செய்தாள். ஆனால் ஓர் உண்மை இதிலிருந்து தெரிகிறது. ஆசாரியருடைய மனம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும், அது அடுக்களை வாசற்படியோடு நின்றுவிட்டது.

திருமழிசை ஆழ்வார் கதையும் இதற்குத் தூரமானதல்ல. மூங்கில் புதரில் கிடந்த குழந்தையைப் பிரம்பு அறுக்கும் திருவாளன் எடுத்து வளர்த்தான் என்பது மரபு. ஆழ்வாரைக் கோயிலில் வைத்து வணங்கியவர்கள் நாம். திருவாளனைப் போன்றவர்களை மட்டும் ஊருக்கு வெளியிலேயே குடிவைத்தோம்.

அந்தத் திருமழிசையை அடுத்திருக்கும் கிராமம் குத்தம்பாக்கம். ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஒரு காலத்தில் கள்ளச் சாராயத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் ரங்கசாமி இளங்கோ. சென்னை அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் படித்தார். ஆயில் இந்தியா நிறுவனத்தில் வெளிமாநில உத்தியோகம். பிறகு சென்னையில் மத்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சித் துறையில் வேலை. அப்படிப்பட்ட உத்தியோகத்தைத் தொண்ணூறுகளின் நடுவில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில்தான் எனக்கு வியப்பு. எங்கள் கதைகளில் ஊருக்கு உழைக்கிற கதாநாயகன் பெரும்பாலும் பிரம்மசாரி. குடும்பம் இருந்தால் அதைத் துறந்து போவான். மாத முதல் தேதியில் பால் கணக்குக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய கிரகஸ்தன் பொது வேலைக்கு வந்தால் கதையில் ரசம் இல்லை என்று நினைத்துவிட்டோம். இளங்கோ வேலையை விட்டபோது அவர் வீட்டு அடுப்பு எரிந்தது மனைவியின் சம்பளத்தில். வருமானம் வரும் வேலையைக் கணவன் உதறிவிட்டு வந்து, "ஊருக்காக" என்று சொல்லும்போது, "சரி" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அந்த ஒரு சொல்லைச் சரித்திரம் குறித்து வைப்பதில்லை.

1993-இல் அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் அமலுக்கு வந்து பஞ்சாயத்துகளுக்கு உயிர் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இளங்கோ குத்தம்பாக்கத்தின் தலைவரானார். காந்தியையும், கிராமப் பொருளாதாரத்தை வகுத்துச் சொன்ன ஜே. சி. குமரப்பாவையும் வழிகாட்டிகளாகக் கொண்டவர் அவர். சாராயத்தை ஒழிப்பதற்குப் போலீஸ் மட்டும் போதாது, காய்ச்சுகிறவனுக்கு வேறு பிழைப்பும் வேண்டும் என்று கண்டுகொண்டார்.

கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்துப் பட்டறைகளில் கழித்துப் போட்ட கருங்கல் துண்டுகளை வாங்கி, ஊர் ஆட்களைக் கொண்டே குறைந்த செலவில் கட்டினார். விதிப்படி கட்டவில்லை என்று அவரைத் தலைவர் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். பணத்தைத் தின்றவன் விதியை மீறாமல் தின்றால் தப்பித்துக் கொள்ளலாம். பணத்தை மிச்சம் பிடித்தவன் அகப்பட்டுக் கொள்கிறான். ஆனால் கிராம சபை கூடியது. ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது.

நான் சொல்ல வந்த சங்கதி இனிமேல்தான் இருக்கிறது. 1997-இல் தமிழ்நாடு அரசு சமத்துவபுரத் திட்டத்தை அறிவித்தது. பல சாதியாரும் கலந்து வாழ ஓர் இடத்தில் நூறு வீடுகள். குத்தம்பாக்கத்துக்கும் ஒன்று கிடைத்தது. தனித்தனி வீடாகக் கட்டாமல், ஐம்பது இரட்டை வீடுகளாகக் கட்டச் செய்தார் இளங்கோ. ஒரு கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். நடுவில் ஒரே சுவர். ஊர் மண்ணை அழுத்திச் செய்த கற்களால் எழுப்பிய வீடுகள்.

இந்த நடுச்சுவரை நினைத்துப் பாருங்கள். தெருவில் ஒன்றாக நிற்பது எளிது. கூட்டத்தில் ஒரே பெஞ்சியில் உட்காருவதும் எளிது. கூட்டம் கலைந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே வீடே அதுதான். அண்டை வீட்டில் தாளிக்கிற வாசனை இந்த வீட்டுக்கு வரும். அந்தக் குழந்தை இரவில் இருமினால் இந்தத் தாய்க்குத் தூக்கம் கலையும். சுவர் நனைந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் பூச வேண்டும். கழுவித் துடைத்துத் தள்ளிவிட முடியாத உறவு அது.

சுவர் பொதுவானால் மனமும் பொதுவாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது ஐம்பது கட்டிடங்களால் முடிகிற காரியமல்ல. ஆனால் நம்பிகள் உண்டுவிட்டுப் போன இடத்தைக் கழுவிய காலத்திலிருந்து பார்த்தால், அதே சாலையோரத்தில் அந்த வழக்கு வாசற்படியைத் தாண்டி அடுக்களைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

2001-இல் மறுபடியும் தலைவரான இளங்கோ, மற்ற ஊர்த் தலைவர்களுக்குப் பயிற்சி தரப் பஞ்சாயத்து அகாடமி ஒன்றையும் தொடங்கினார். பத்து ஆண்டுகள் பதவியில் இருந்தார். இப்போது நகரம் மேற்கே நகர்ந்து குத்தம்பாக்கத்தையும் எட்டிவிட்டது. அடுக்குமாடிகளில் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருக்கும் நமக்கு, மறுபுறம் இருப்பவர் பெயர்கூடத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள முயன்றால், பெயருக்கு முன்னால் வேறொன்றைத்தான் விசாரிக்கிறோம்.